டேங்க் மேல் எழுதியிருக்கும் தேதி

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். சுமார் 2,800 பேர் வாழும் ஊராட்சியில் சாயங்கால வகுப்பு எடுக்கிறீர்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக ஆரம்பித்தது, இப்போது எட்டாம் வகுப்பிலிருந்து காலேஜ் வரை பதினைந்து, இருபது பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ஓட்டு, உரிமை, ஊராட்சி பற்றியெல்லாம் சொல்லித்தர ஆசை. எங்கிருந்து தொடங்குவது, அரசியல் சாசனத்தை எளிமையாகச் சொல்லும் புத்தகம் எது, “எங்க பிள்ளைக்கு அரசியல் வேணாம் டீச்சர்” என்று சொல்லும் பெற்றோரை எப்படிச் சமாளிப்பது? மூன்று கேள்விகள்.

புத்தகக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போதைக்குப் புத்தகம் வேண்டாம். எந்தச் சின்ன ஊர் நூலகத்துக்குப் போனாலும் குரூப் 4-க்குப் படிக்கிற நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சாயத்து ராஜ் திருத்தம் எப்போது அமலுக்கு வந்தது என்று கேளுங்கள். 1993 ஏப்ரல் 24 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எத்தனையாவது திருத்தம்? 73. ஊராட்சிகளுக்கான பணிகளைப் பட்டியலிடும் பதினோராவது அட்டவணையில் எத்தனை இனங்கள்? 29. அதுவும் தெரியும். சரி, நம்ம ஊர்ல கடைசியா நடந்த கிராம சபையில் என்ன தீர்மானம் போட்டாங்க? பேச்சு நின்றுவிடும். நான் கேட்டுப் பார்த்த இடத்தில் எல்லாம் இதுதான் நடந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தேர்வில் கேட்பதை அவர்கள் படிக்கிறார்கள். ஆனால் இதைப் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது: நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாதது தகவல் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு புத்தகத்தைக் கையில் கொடுப்பது வீண்.

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலிலேயே உள்ளாட்சிப் பாடம் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் குடவோலை முறை வரும், உத்திரமேரூர் வரும், உலகத்துக்கே நாம்தான் ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று ஆண்டுவிழாவில் ஒரு பேச்சும் வரும். அந்தக் கல்வெட்டை முழுசாகச் சொல்லிக் கொடுத்தால் அது உண்மையிலேயே நல்ல பாடம். முதலாம் பராந்தகன் காலத்தது, 919, 921 என்று இரண்டு கல்வெட்டுகள். குடத்தில் பெயர் போட வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. உங்கள் வகுப்பில் இருக்கிற எத்தனை பேருடைய தாத்தா பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கும் என்று கேளுங்கள், வகுப்பு விழித்துக்கொள்ளும். அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவுக்காரரும் நிற்க முடியாது. ஆண்டுவிழாப் பேச்சில் இந்த வரி மட்டும் எப்படியோ விட்டுப்போகிறது.

இனி முதல் கேள்வி, எங்கிருந்து தொடங்குவது. உங்கள் ஊர்த் தண்ணீர் டேங்கிலிருந்து தொடங்குங்கள்.

டேங்க் என்பது ஊருக்கு நடுவில் நிற்கும் திறந்த பாடப்புத்தகம். அதன் தூணிலோ பக்கத்துச் சுவரிலோ என்னென்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளை அனுப்பி எழுதிவரச் சொல்லுங்கள். கொள்ளளவு எத்தனை லிட்டர், எந்தத் திட்டம், எந்த வருஷம், மதிப்பீடு எவ்வளவு. கீழே கட்டம் போட்டு ‘சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்து சுத்தம் செய்யும் நாள்’ என்று இரண்டு தேதிகள். பெயின்டில் எழுதியிருக்கும், தேதி மட்டும் அழித்து அழித்து எழுதியதில் அந்த இடம் தடித்துப் போயிருக்கும். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, இந்த ஒரு டேங்கை மூன்று மாதம் பார்த்துவரச் சொல்லுங்கள். தினமும் எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டார்கள், எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில், தேதி எப்போது மாறியது. அவ்வளவுதான்.

நான் கூட இருந்து பார்த்த ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்து நோட்டு எழுதினார்கள். டேங்குக்கு நேர் எதிர் வீடு ஒரு பிளஸ் டூ பெண்ணுடையது. ஐந்தாவது வாரம் அவள் எழுதியிருந்தது: “இன்று தேதி மாறியது. மேலே யாரும் ஏறவில்லை.” வகுப்பே கொதித்துவிட்டது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவோம், கலெக்டருக்கு மனு அனுப்புவோம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்போம் என்றேன்.

அவர் வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டே பேசினார். பிளீச்சிங் பவுடர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏணியில் மேலிருந்து நாலாவது படி இற்றுப்போய்விட்டது, ஏறினால் விழுந்துவிடுவேன் என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்கள், தேதியை மட்டும் மாத்தி வச்சிடு என்று சொன்னார்கள், மாத்தினேன். “எம் பிள்ளையும் இந்தத் தண்ணியத்தான் குடிக்குது தம்பி” என்றார்.

அன்றைக்குப் பிள்ளைகள் கற்றுக்கொண்டதை நான் ஒரு வருஷம் கத்தியிருந்தாலும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. யார் திருடன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு கேள்விகளுக்கு வந்துவிட்டார்கள். பிளீச்சிங் பவுடரை வாங்குவது யார்? எந்த நிதியிலிருந்து? வாங்கியதாக எங்கே எழுதுவார்கள்? ஏணிப் படிக்கு வெல்டிங் வைக்க யார் உத்தரவு போட வேண்டும்? ஊராட்சிச் செயலர் என்றால் யார், அவருக்கு மேலே பி.டி.ஓ.வில் ஏன் வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர் என்று இரண்டு பேர்? நிதிக்குழு மானியம் என்றால் என்ன, வீட்டு வரி எங்கே போகிறது? கேள்வி பின்னால் கேள்வியாக ஆட்சியமைப்பு முழுக்க ஒரு டேங்குக்குள் இருந்து வெளியே வந்தது. அந்த வாரம்தான் 73ஆவது திருத்தத்தைப் பற்றிப் பேசினேன், குரூப் 4 படிக்கிற பையன் ஒருவனையே பாடம் எடுக்க வைத்தேன். அவனுக்கு அதுவரை மனப்பாடமாக இருந்த 29 இனங்களில் குடிநீரும் ஒன்று என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்து கிராம சபை. இது ஊராட்சிக்காரர்கள் கூட்டும் குறைதீர் கூட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் யாரையும் நியமிக்க வேண்டாம், பதவிக்காலமும் கிடையாது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் நடந்துகொண்டிருந்தது. 2022-இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயிற்று. குறைவெண் வரம்பு, அதாவது கோரம், மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை 50, அதற்கு மேல் 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கும் மேல் 300. உங்கள் ஊருக்கு நூறு பேர் வேண்டும். இந்த நூறு என்ற எண்ணை உங்கள் பிள்ளைகள் தலை தலையாக எண்ணிச் சரிபார்க்கட்டும். கூட்டத்தில் நாற்பது தலை இருக்கும், பதிவேட்டில் நூற்றுச் சொச்சம் கையெழுத்து இருக்கும். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே நோட்டு போய் கையெழுத்து வாங்கி வந்த ஊர்கள் எனக்குத் தெரியும். ஏன் கையெழுத்துப் போட்டோம் என்று அந்த அம்மாக்களுக்கே தெரியாது.

உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் பதினெட்டு வயசு ஆகியிருக்காது, அவர்கள் உறுப்பினர் ஆக முடியாது. அதனால் என்ன? கூட்டம் நடப்பதோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ, எல்லார் கண் முன்னால். ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே ‘மக்கள கிராம சபா’ நடத்துகிறார்கள் (கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள்). தலைவரும் அதிகாரிகளும் வந்து உட்கார வேண்டும், பிள்ளைகள் மைக்கைப் பிடித்துக் கேட்பார்கள். பெரும்பாலும் கழிப்பறைக் கதவு, பஸ், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கும் சாராயக் கடை. நம்மூரிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்வரை அம்மா அப்பா வழியாகத்தான்.

அந்த டேங்க் கதையிலும் அப்படித்தான் நடந்தது. கேள்வியை எழுதியது எதிர்வீட்டுப் பெண். ஆனால் அந்த வார்டு உறுப்பினர் அவளுக்குப் பெரியப்பா முறை. இங்கேதான் கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. நகரத்தில் கவுன்சிலர் யாரோ ஒருவர். கிராமத்தில் தலைவர் மாமா, செயலர் சித்தப்பா, காண்ட்ராக்ட் எடுத்தவர் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த வீடு. கேள்வி கேட்டால் அது கணக்குக் கேட்டதாகாது, மானத்தைக் கேட்டதாகிவிடும். மறுநாள் கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார வேண்டும். குடிமைக் கல்வி என்று நகரத்திலிருந்து வருகிற பயிற்சியாளர்கள் “தைரியமாகக் கேள்வி கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். தைரியம் ஒன்றும் குறைச்சலில்லை, பிழைப்பு அப்படி. ஆகவே நாம் சொல்லித்தர வேண்டியது ஒரு கைப்பக்குவம்: ஆளைக் கேட்காமல் காகிதத்தைக் கேட்பது.

“பிளீச்சிங் பவுடர் காசு எங்கே போச்சு?” என்பது ஆளைக் கேட்பது. “போன வருஷம் குடிநீர்ச் செலவில் பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவுன்னு படிச்சுக் காட்டுங்க” என்பது காகிதத்தைக் கேட்பது. இரண்டாவது கேள்விக்கு யாரும் கோபப்பட முடியாது, கோபப்பட்டால் அவருக்குத்தான் அசிங்கம். ஊராட்சியின் வரவு செலவு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். அதற்குப் படிவம் 30 என்று பெயர், அதன் சுருக்கத்தைப் பேனராக எழுதிக் கூட்டத்தில் கட்டச் சொல்லி ஆட்சியர்களே ஒவ்வொரு தடவையும் அறிவிப்பு கொடுக்கிறார்கள். “படிவம் 30 எங்கே சார்?” என்ற நாலு வார்த்தையை உங்கள் வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும்.

அந்தப் பெண்ணின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நோட்டிலிருந்து கிழித்த தாளை முந்தானையில் முடிந்து கிராம சபைக்குக் கொண்டுவந்தார். எழுந்து நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார், ‘பிளீச்சிங்’ என்ற இடத்தில் இரண்டு தடவை தடுக்கினார். யாரோ சிரித்தார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிடும் பற்றாளராக வந்திருந்தவர் மட்டும் நிமிர்ந்து செயலரைப் பார்த்தார். செயலர் பக்கங்களைப் புரட்டினார், ரொம்ப நேரம் புரட்டினார். அடுத்த கேள்வி, “ஏணியைச் சரிபண்ணணும்னு தீர்மானத்தில எழுதுங்க.” எழுதினார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னதும் அந்த அம்மாதான்.

பெரியப்பா இரண்டு வாரம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை, கோயில் கொடை வந்ததும் வந்துவிட்டார். ஏணி சரியாக நாலு மாதம் ஆயிற்று. கொஞ்ச நாளைக்குத் தேதி உண்மையான தேதியாக இருந்தது. அப்புறம், ஒரு வருஷம் கழித்துப் போனபோது மறுபடி பழைய கதைதான் என்றார்கள். இதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு கூட்டத்தில் கேட்டால் ஊர் திருந்திவிடும் என்று நம்பிப் போகிற பிள்ளைகள் இரண்டாவது கூட்டத்துக்கு வருவதில்லை.

தீர்மானத்தின் சக்தியைப் பற்றியும் ஏற்றிச் சொல்லாதீர்கள். கிராம சபை வேண்டாம் என்றால் பிரதமர் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது மிகை. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் சொன்னதும் சுரங்கம் நின்றது உண்மை. ஆனால் அங்கே வன உரிமைச் சட்டம் பின்னால் நின்றது, உச்ச நீதிமன்றமே அந்தச் சபைகளைக் கூட்டச் சொல்லியிருந்தது. சாராயக் கடையை மூடச் சொல்லும் தீர்மானத்துக்கு அந்த அளவு பலம் கிடையாது. தீர்மானம் என்பது ஊர் எழுதிக் கொடுத்த சாட்சி. அதை வைத்துக்கொண்டு அடுத்த வாசலைத் தட்டலாம், கதவு திறக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

டேங்க் என்று சொல்லிவிட்டு வேங்கைவயலைச் சொல்லாமல் போக முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் டேங்கில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் போகிறது என்று நோட்டில் எழுதச் சொன்னேனே, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தெருவின் பெயர்களை வரிசையாக எழுதினாலே ஊரின் சாதி வரிசை வந்துவிடும். எந்தக் காலனிக்குத் தனி டேங்க், ஏன் தனி டேங்க், அங்கே மோட்டார் பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது? பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். வகுப்பில் சொல்லலாம் என்பதுதான் தெரியாது.

இங்கே உங்களுக்கு ஒரு சங்கடம் வரும். உங்கள் வகுப்புக்கு எந்தத் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள்? ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் என்றால் முதலில் வகுப்பின் இடத்தை மாற்றுங்கள். ஊர்க் கோயில் மண்டபத்தில் நடத்தினால் காலனிப் பிள்ளை வராது. பள்ளிக்கூடம், நூலகம், ஊராட்சிக் கட்டடம் ஆகியவைதான் எல்லாருக்கும் பொது. அங்கேயும் யார் பெஞ்சில், யார் தரையில் என்று கவனியுங்கள். 1996-இலிருந்து பத்து வருஷம் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை. 2006-இல்தான் நடந்தது. மேலவளவில் தேர்தலில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் உடன் இருந்தவர்களையும், மொத்தம் ஏழு பேரை, 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். 2020-இல்கூடக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்து மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. இந்த மூன்றையும் சொல்லாமல் தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பாடம் நடத்தினால் அது பாதிப் பாடம். பதற்றமாக இருந்தால் உங்கள் ஊரைத் தொடாமல் இந்த ஊர்களைச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களே உள்ளூருக்கு வந்து சேர்வார்கள்.

பெண்கள் பற்றியும் இதே மாதிரிதான். சட்டப்படி பாதி இடம், 2016-இல் தமிழ்நாடு முப்பத்து மூன்று சதவீதத்தை ஐம்பதாக்கியது. நடப்பில் போஸ்டரில் அம்மாவின் படம், பக்கத்தில் அதைவிடப் பெரிதாகக் கணவரின் படம். ஆனால் இரண்டாவது முறை ஜெயிக்கும்போது கணவரை வீட்டில் உட்காரச் சொன்ன தலைவிகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தால் வகுப்புக்கு அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். உங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: ஓட்டுப் போட 18, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21. காலேஜ் முடித்த கையோடு நிற்கலாம். திருவனந்தபுரத்தில் ஆர்யா ராஜேந்திரன் 2020-இல் மேயரானபோது 21 வயசு.

நல்ல தலைவர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால், ஓடந்துறையில் சண்முகமும் குத்தம்பாக்கத்தில் இளங்கோவும் 1996 முதல் 2006 வரை செய்ததைச் சொல்லலாம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி காற்றாலை ஒன்றை விலைக்கே வாங்கியது, 350 கிலோவாட், ஒன்றரைக் கோடிக்கு மேல். கேட்கும்போது பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். எனக்கு இந்தக் கதைகளில் ஒரு சின்னத் தயக்கம் உண்டு. “நமக்கு அப்படி ஒரு ஆள் வரலியே” என்ற பெருமூச்சில் போய் முடிந்துவிடும். ஆகவே உப்பு மாதிரி போடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஒருவன் வகுப்பில் கட்டாயம் கேட்பான். கேட்டதும் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டாம். அது வந்த கதையை முதலில் சொல்லுங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கத்தான் என்ற அமைப்பு, அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் போன்றவர்கள், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் பந்தல் போட்டு அரசு வேலையின் மஸ்டர் ரோலை (வருகை, கூலிப் பதிவேட்டை) சத்தமாக வாசித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார். பெயருக்கு உரியவர்கள் கூட்டத்திலிருந்து எழுந்து நான் போகவே இல்லையே என்றார்கள். செத்துப்போனவர்கள்கூட வேலை பார்த்திருந்தார்கள். 1996-இல் பியாவர் என்ற ஊரில் நாற்பது நாள் உட்கார்ந்து, காகிதத்தின் நகலைக் கொடு என்று கேட்டார்கள். “எங்கள் காசு, எங்கள் கணக்கு” என்பது அவர்களுடைய கோஷம். அதில் ஒரு வேடிக்கை, தகவல் உரிமைக்கு இந்தியாவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான், 1997-இல். விதிவிலக்குகளே நிறைந்த சட்டம், கேட்பாரும் இல்லை, யாருக்கும் நினைவும் இல்லை. மக்கள் உட்கார்ந்து கேட்ட ராஜஸ்தானிலிருந்துதான் 2005-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு உயிர் வந்தது.

சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் கேட்கலாம், வயது வரம்பு என்று எதுவும் எழுதவில்லை. வெள்ளைத் தாள், பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். இதிலும் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது, நகல் கேட்க வேண்டும். “சாலை ஏன் சரியில்லை” என்றால் ‘தங்கள் கேள்வி தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். “இந்தச் சாலையின் மதிப்பீட்டு அறிக்கை, அளவுப் புத்தகம் இவற்றின் நகல்” என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நேரில் போய் வேலையைப் பார்வையிடவும், மாதிரி எடுக்கவும்கூட அதில் உரிமை இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கை. பதினாறு வயசுப் பையன் பெயரில் மனு போட விடாதீர்கள். மனுவில் முகவரி இருக்கிறது, அது ஊருக்குள் வந்துசேர ஒரு டீக்கடை போதும். நாடு முழுக்கத் தகவல் கேட்டவர்கள் அடிபட்டிருக்கிறார்கள், உயிரையும் விட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர், வக்கீல் என்று ஊர்ச் சண்டைக்கு எட்டாத ஒருவர் பெயரில் போகட்டும். எழுதக் கற்றுக்கொள்வது பிள்ளைகள், கையெழுத்துப் போடுவது பெரியவர். ஊராட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டாலே காட்டிவிடும் தாளுக்கு மனு போடுவதும் வேண்டாம், அது வீண் பகை.

மூன்றாவது கேள்வி, பெற்றோர். அவர்கள் ‘அரசியல்’ என்று சொல்வது கட்சிக் கொடியை, போலீஸ் கேஸை. கேஸ் விழுந்தால் அரசு வேலை கிடைக்காது என்ற பயம் நியாயமானதுதான், அதைக் கேலி செய்யாதீர்கள். பெற்றோரை முதலில் அவர்களுக்கே அதிகாரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். முன்னாள் மாணவர்களுக்கும் 2024-இல் அதில் இடம் வைத்தார்கள், ஆகவே உங்கள் காலேஜ் பிள்ளைகள் உள்ளே போகலாம். தன் பிள்ளைக்குக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கேட்பதை எந்த அம்மாவும் அரசியல் என்று சொல்ல மாட்டார். ஆறு மாதம் கேட்டுப் பழகியவர் கிராம சபையில் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

ஓட்டுக்குப் பணம் பற்றிப் பேச வேண்டி வந்தால் ஒன்று மட்டும். ஐந்நூறு ரூபாயை ஐந்து வருஷத்தால் வகுத்து ஒரு நாளைக்கு இத்தனை பைசா என்று காட்டும் கணக்கை வகுப்பில் போடாதீர்கள். பிள்ளைகள் நூறு தடவை கேட்டுவிட்டார்கள். அது போக, அந்தப் பணத்தை வாங்கியது அவர்கள் வீடு. அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நாம் எதையும் சொல்லித்தர முடியாது. அதற்குப் பதில் பதினேழு வயசானவர்களை உட்கார வைத்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்ப வையுங்கள். பதினேழிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், பதினெட்டு நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு தகுதி நாட்கள் இருக்கின்றன. பட்டியலில் பெயர் ஏறினால் கிராம சபைக்கும் உறுப்பினர்.

உங்கள் பிள்ளைகளில் சிலர் பக்கத்துப் பேரூராட்சியிலிருந்து வருவார்கள். அங்கே கிராம சபை கிடையாது. நகரப் பக்கம் பகுதி சபை என்று 2022-இல்தான் கூட்டத் தொடங்கினார்கள், இன்னும் வேர் பிடிக்கவில்லை. அவர்களுக்கு வார்டு கவுன்சிலர் வீட்டு வாசல்தான் சபை, அதே டேங்க் நோட்டுதான் ஆயுதம்.

தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் கையில் ஊராட்சி இருக்கும் காலமும் வரும். 2016-இலிருந்து 2019 வரை அப்படித்தான் இருந்தது, 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடி அப்படி ஆயிற்று. “தலைவரே இல்ல, யாரைக் கேக்கிறது?” என்பார்கள். டேங்க் அங்கேயேதான் நிற்கிறது, தேதியும் எழுதியிருக்கிறது, கிராம சபையும் அந்தந்த நாளில் கூடுகிறது. கேள்வியைத் தனி அலுவலரிடம் கேளுங்கள்.

முதல் வகுப்புக்கு விருந்தினராகத் தலைவரையோ தாசில்தாரையோ கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு வையுங்கள், முதல் பத்து நிமிஷம் அவர் உட்கார மாட்டார்.